தபித்தாவின் ஊசி
(தையலால் நடந்த தர்மப் பணியின் வரலாறு)

யூபிலி மலர் என்றால் கோவிலைக் கட்டிய குருக்களின் பெயர்களும், மணி தொங்கவிட்ட ஆண்டும், கொடிமரத்துக்குக் காணிக்கை கொடுத்த குடும்பங்களும் வரிசையாக இடம்பெறுவது வழக்கம். அவை இடம்பெற வேண்டியவையே. ஆயினும் பீடத்து வெள்ளை விரிப்பின் ஓரத்தை மடித்துத் தைத்த கை யாருடையது? பிறந்து மூன்றே நாளில் தாயை இழந்த குழந்தைக்கு முதல் சட்டை தைத்துக் கொடுத்தவர் யார்? பூசைப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் பூசை உடுப்பின் கிழிசலை ஒட்டுத் தெரியாமல் சேர்த்தவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு எந்தப் பங்குப் பதிவேட்டிலும் விடை இராது. ஞானஸ்நானப் புத்தகம் இருக்கிறது, திருமணப் புத்தகம் இருக்கிறது. ஊசி நூலுக்கு மட்டும் புத்தகம் இல்லை. ஆகவே அந்த ஊசி நடந்து வந்த பாதையைச் சிறிது திரும்பிப் பார்ப்பது இந்த மலருக்குப் பொருத்தமானதே.

தையல் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் பெண் என்றும் பொருள் உண்டு. துணியை இணைக்கும் வேலைக்கும் அதைச் செய்யும் பெண்ணுக்கும் ஒரே பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆனால் கிறிஸ்தவ சபையில் இந்த வேலைக்குப் பெருமை தேடித் தந்தவர் தமிழ்ப் பெண் அல்லர். யோப்பா பட்டினத்துத் தபித்தா.

அப்போஸ்தலர் பணி 9-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். யோப்பா ஒரு துறைமுகப் பட்டினம். கடலுக்குப் போன ஆண்கள் எல்லோரும் திரும்பி வராத ஊர்களில் விதவைகள் அதிகம் என்பது நம் கடற்கரைக் கிராமத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஊரில் தபித்தா என்ற பெண் சீடர் இருந்தார். கிரேக்க மொழியில் அவர் பெயர் தொற்கா. அவர் நோயுற்று இறந்தபோது சீடர்கள் அருகே லித்தா ஊரில் இருந்த புனித இராயப்பரை அழைத்து வர இரண்டு பேரை அனுப்பினார்கள். அவர் வந்து மாடி அறைக்குள் போனதும் விதவைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். அழுதுகொண்டே அவர்கள் காட்டியவை என்ன? தபித்தா உயிரோடு இருந்தபோது தங்களுக்குத் தைத்துக் கொடுத்த அங்கிகள், ஆடைகள். இறந்தவரின் நற்குணத்தைப் பற்றி அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. துணியை எடுத்துக் காட்டினார்கள், அவ்வளவுதான். இராயப்பர் முழந்தாளிட்டுச் செபித்தார். தபித்தா உயிர்பெற்று எழுந்தார்.

புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் ஒருவரால் உயிர்ப்பிக்கப்பட்ட முதல் மனிதர் தையல் வேலை செய்த ஒரு பெண் என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்?

இந்தத் தொற்காவின் பெயராலேயே பிற்காலத்தில் ஏழைகளுக்கு ஆடை தைத்துக் கொடுக்கும் மாதர் சங்கங்கள் தோன்றின. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் உள்ள மேன் தீவின் டக்ளஸ் நகரில் 1832-ல் காலரா பரவி அடங்கியது. அதிலிருந்து தப்பியதற்கு நன்றியாக 1834-ல் அங்கே தொற்கா சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. பிறகு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிற்றூர்கள் வரை இந்தப் பெயரில் சங்கங்கள் பரவின. பிரிந்த சகோதரர்களின் சபைகளிலேயே இவை மிகுதி. கத்தோலிக்கரிடையே இதற்கு இணையாக எழுந்தது வேறொரு பணி. அது பிறந்த கதை சுவையானது.

பெல்ஜியம் நாட்டில் செல்வக் குடும்பத்தில் பிறந்த அன்னா தெ மெயூஸ் என்ற இளம்பெண் 1843-ல் தம் ஊராகிய ஓயேன் கோவிலின் சக்கிறீஸ்துக்குள் போக நேர்ந்தது. அங்கே பூசை உடுப்புகளும் பீடத் துணிகளும் கந்தலாய்க் கிடந்தன. தம் வீட்டில் சாப்பாட்டு மேசை விரிப்பே இதைவிட நன்றாக இருக்கிறதே என்ற வெட்கம் எப்படிப்பட்ட மனத்தையும் உறுத்தும். 1848-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் அவர் தோழியரைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். நற்கருணை ஆராதனையும், ஏழைக் கோவில்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுப்பதும் அதன் இரண்டு வேலைகள். செபம் ஒரு மணி நேரம், ஊசி சில மணி நேரம். இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. மறைபரப்பு நாடுகளின் ஓலைக் கோவில்களுக்கும் ஐரோப்பியப் பெண்கள் தைத்த பூசை உடுப்புகள் கப்பலேறி வந்தன. நீண்ட கடற்பயணத்துக்குப் பின் பெட்டியைத் திறந்த குருவானவர்கள் அந்தத் துணிகளை எவ்வளவு பத்திரமாகக் காத்திருப்பார்கள் என்பதை, இன்றும் பழைய பூசை உடுப்பைத் தூக்கி எறிய மனம் வராத நம் கோவில்பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம்.

ஓரப் பின்னலை நம் தென் மாவட்டத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் ‘ரேந்தை’ என்று சொல்வதுண்டு. இது போர்த்துகீசியச் சொல். ‘ரெந்தா’ என்றால் அம்மொழியில் பின்னல் வேலை. ஜன்னல், அலமாரி, சாவி, மேசை ஆகியவை எந்தக் கப்பலில் வந்தனவோ அந்தக் கப்பலிலேயே ரேந்தையும் வந்தது. ஆனால் ஏழைப் பெண்களுக்கு முறையாகத் தையலும் பின்னலும் கற்பிக்கும் பணி 19-ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1827-ல் புதுச்சேரிக்கு வந்தார்கள். அவர்களுடைய எம்பிராய்டரி நிலையம் புதுச்சேரி ரொமேன் ரோலண்ட் தெருவில் பழைய பிரெஞ்சு மாளிகை ஒன்றில் நடந்து வருவதைப் பார்த்தவர்கள் நம் பங்கிலும் இருக்கலாம். ஏழைப் பெண்கள் வரிசையாக அமர்ந்து மேசை விரிப்பிலும் கைக்குட்டையிலும் பூ வேலை செய்யும் அந்தக் கூடத்தில் பேச்சுக் குரலைவிட அமைதியே அதிகம்.

தெற்கே திருவிதாங்கூரில் நடந்ததோ அமைதியான கதை அன்று. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு ரவிக்கை ஒரு நாட்டையே கலக்கிய வரலாறு அது.

அக்காலத்துத் திருவிதாங்கூர் அரசில் நாடார் முதலிய பல சாதிப் பெண்கள் இடுப்புக்கு மேல் துணி அணியக் கூடாது என்பது வழக்கம்; வழக்கம் என்பதைவிடச் சட்டம் என்றே சொல்லலாம். மேலாடை உயர்ந்த சாதியின் உரிமை. கிறிஸ்து மதத்தைத் தழுவிய நாடார் பெண்கள் உடம்பை மூடிக்கொண்டு கோவிலுக்கு வர விரும்பினார்கள். கர்னல் மன்றோ திவானாகவும் ரெசிடென்டாகவும் இருந்த காலத்தில், சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணியும் குப்பாயத்தைப் போன்ற சட்டையை மதம் மாறிய பெண்கள் அணியலாம் என்று ஆணை பிறந்தது. சரி, ஆணை வந்துவிட்டது; சட்டைக்கு எங்கே போவது? லண்டன் மிஷனைச் சேர்ந்த மீட் பாதிரியாரின் மனைவியும் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தாவும் தளர்வான ஒரு ரவிக்கையை வடிவமைத்துப் பெண்களுக்குத் தைக்கக் கற்பித்தார்கள். ஊசி நூலில் தேர்ந்த எந்தப் பெண்ணும் ஒரு மாலைப்பொழுதில் தைத்துவிடக்கூடிய எளிய சட்டைதான்.

அந்தச் சட்டையை அணிந்த பெண்களைச் சந்தையில் மறித்தார்கள். துணியைப் பிடுங்கிக் கிழித்தார்கள். பள்ளிக்கூடங்களையும் கோவில்களையும் கொளுத்தினார்கள். 1822 முதல் 1859 வரை மூன்று முறை இக்கலகம் மூண்டது. 1829-ல் வந்த அரச விளம்பரம் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்து, தோள்சீலையை மறுத்தது. 1859 ஜூலை 26-ஆம் நாள்தான் உத்திரம் திருநாள் மகாராஜா, நாடார் பெண்கள் எந்த மதத்தவராயினும் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று விளம்பரம் வெளியிட்டார். அப்போதும் உயர் சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்ற முள் அதில் ஒளிந்திருந்தது. இன்று ஒரு ரவிக்கையைத் தைக்கக் கொடுத்துவிட்டு, கழுத்து இறக்கம் சரியில்லை என்று டெய்லரிடம் சண்டை போடுகிறோம். நல்லதுதான்; சண்டை போடும் அளவுக்கு அந்த உரிமை சர்வ சாதாரணமாகிவிட்டது.

அதே மார்த்தா மால்ட் அம்மையார் 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்து சிறிது காலத்துக்குள் பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னும் வேலையைத் தொடங்கினார். இது கொக்கி ஊசி வேலை அன்று. மடியில் உருண்டைத் திண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் துளைகள் குத்திய மாதிரி அட்டையைப் பொருத்துவார்கள். ஒவ்வொரு துளையிலும் குண்டூசி. நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் இரண்டிரண்டாகத் தொங்கும். கட்டைகளை மாற்றி மாற்றிக் குறுக்கே போட்டு முறுக்க முறுக்க, குண்டூசிகளைச் சுற்றி வலை போலப் பூவும் இலையும் உருவாகும். கண் ஊசிமுனையில் நிற்க வேண்டும். கை வியர்க்கக் கூடாது, வியர்த்தால் வெள்ளை நூல் கறைபடும். ஒரு முழம் முடிய நாட்கள் பல ஆகும். இப்படிப் பின்னிய லேஸ் ஆங்கிலேயச் சீமாட்டிகளிடம் விற்பனையாயிற்று. அந்தப் பணத்தில் பள்ளி நடந்தது. அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை நடைமுறையில் இருந்தது. 1855-ல்தான் அது ஒழிக்கப்பட்டது. நாகர்கோவிலில் லேஸ் கற்ற பெண்களில் அடிமைகளும் இருந்தார்கள். பின்னி ஈட்டிய காசைச் சேர்த்துத் தங்கள் விலையைத் தாங்களே கொடுத்து விடுதலை பெற்றார்கள். மால்ட் அம்மையாரின் மகள் எலைசா, கால்டுவெல் பாதிரியாரை 1844-ல் மணந்து திருநெல்வேலி இடையன்குடிக்குச் சென்றபோது இந்தக் கைத்தொழிலும் கூடவே சென்றது.

இவர்கள் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லரே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நல்லதைச் செய்தவர் எச்சபையினர் ஆனாலும் நன்றி சொல்வதே முறை. கத்தோலிக்கருக்கும் அதே மண்ணில் ஒரு பெரிய வரலாறு பின்னால் வந்தது.

1857-ல் பெல்ஜியத்தின் ரூசெலார் நகரில் பிறந்தவர் மரிய லூயிஸ் தெ மேஸ்தர். ஈப்பர் நகரில் புனித அகுஸ்தீன் சபை மடத்தில் கன்னியானவர். ஈப்பர், லேஸுக்குப் பேர்போன ஊர். வலன்சியன் வகை லேஸ் அங்கே வீட்டுக்கு வீடு பின்னப்பட்டது. கொல்லம் மறைமாவட்டத்தில் அப்போது அடங்கியிருந்த முளகுமூடு கிராமத்தில், பெல்ஜியக் கர்மேல் சபைக் குரு ஒருவர் அனாதைச் சிறுமிகளுக்கு இல்லம் நடத்தி, அவர்களைப் பார்த்துக்கொள்ளக் கன்னியர் இன்றித் திண்டாடினார். அவருடைய வேண்டுகோளை ஏற்று 1897 நவம்பர் மாதம் மரிய லூயிஸ் அம்மையார் இளம் துணைவி ஒருவரோடு முளகுமூடு வந்து சேர்ந்தார். அடைபட்ட மடத்தில் வாழ்ந்தவர், நாற்பதாம் வயதில் பாஷை தெரியாத நாட்டில், தென்னந்தோப்புக்கு நடுவே.

அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது ஒருபுறம் இருக்கட்டும். பதினெட்டு வயதில் அவர்கள் எங்கே போவார்கள்? இக்கேள்விக்கு அவர் கையில் இருந்த விடை ஈப்பர் மடத்தில் கற்ற கைவேலைதான். தையல், லேஸ், எம்பிராய்டரி எல்லாம் முளகுமூட்டில் கற்பிக்கப்பட்டன. அங்கே பின்னிய லேஸ் பெல்ஜியத்துக்கே விற்பனைக்குப் போனது என்றால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்! ஆயினும் விற்றது. இல்லத்தை நடத்தவும் மருந்தகத்தை நடத்தவும் அது துணையாயிற்று. இந்த இருவரில் தொடங்கிய சிறு குழுவே ஒரு சர்வதேசச் சபையாக வளர்ந்து 1910-ல் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போனது. மாசற்ற மரியாயின் இருதய மறைபரப்புச் சகோதரிகள் என்று இன்று வழங்கும் அச்சபையின் பிறப்பிடம் ஐரோப்பா அன்று. நம் தமிழ்நாட்டு முளகுமூடு. மரிய லூயிஸ் அம்மையார் 1928-ல் இறந்தார்.

இதேபோல இன்னொரு சபையும் தமிழ் மண்ணிலேயே பிறந்தது. மதுரை மிஷனில் 1865 முதல் பணியாற்றிய பிரெஞ்சுக் கன்னியர் பாடுகளின் மரியன்னை, 1876-ல் உதகமண்டலம் வந்து 1877-ல் பிரான்சிஸ்கன் மரியாயின் மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். அவருடைய கன்னியர் போன நாடுகளில் எல்லாம் ஏழைப் பெண்களுக்கான தையற்கூடங்களைத் திறந்தார்கள். 2002-ல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. உதகைக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் தாவரத் தோட்டத்தைப் பார்க்கிறார்கள், ஏரியில் படகு விடுகிறார்கள்; இதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இந்தக் காலத்தில் இப்படி அனாதை இல்லங்களும் தையற்கூடங்களும் பெருகியதற்கு ஒரு கொடிய காரணமும் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் நம் செங்கற்பட்டு ஜில்லாவையும் விட்டுவைக்கவில்லை. கன்னியர் மடங்களின் வாசலில் பெற்றோர் விட்டுச்சென்ற பிள்ளைகள் வளர்ந்து, ஏதேனும் ஒரு தொழிலோடு வெளியே போக வேண்டியிருந்தது. பெண் பிள்ளைக்கு அன்று இருந்த வழி ஊசி ஒன்றே.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. கோதாவரிக் கரையில் நரசாபூர் வட்டாரத்திலும் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிமாரே லேஸ் தொழிலைத் தொடங்கி வைத்தார்கள், அதுவும் தர்மமாகத்தான். மரியா மீஸ் என்ற ஜெர்மானிய சமூகவியலாளர் அங்கே ஆராய்ந்து 1982-ல் ஒரு நூல் வெளியிட்டார். நூற்றாண்டு கழித்து அந்தத் தொழில் ஏற்றுமதி வியாபாரிகளின் கைக்குப் போய்விட்டிருந்தது. நாளெல்லாம் பின்னிய பெண்களை வீட்டு மனைவிகள் ஓய்வு நேரத்தில் செய்யும் பொழுதுபோக்கு என்று கணக்கிட்டு, விவசாயக் கூலியைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள். தொடங்கியவரின் எண்ணம் தூயதாயினும் கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம். என் எண்ணம் இதுதான்: வயிற்றுப்பாட்டுக்கு வழியுள்ள பெண்கள் மாலை வேளையில் கூடி ஏழைகளுக்காக இலவசமாகத் தைப்பது தர்மம். அன்றாடம் அரிசிக்கு அல்லாடும் பெண்ணைக் கூப்பிட்டு, கோவில் வேலைதானே என்று கூலியின்றித் தைக்கச் சொல்வது தர்மம் ஆகாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் சங்கங்கள் இன்றும் உண்டு.

நம் வட்டாரத்துக்கு மிக அருகில் நடந்த ஒரு பணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள பொலம்பாக்கத்தில் 1955-ல் பெல்ஜிய மருத்துவர் பிரான்ஸ் ஹெமரிக்ஸ் தொழுநோய் மையம் ஒன்றைத் தொடங்கினார். காங்கோ நாட்டில் தொழுநோயாளருக்குப் பணியாற்றிவிட்டு வந்தவர். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்து அடைப்பதைவிட, மருத்துவரே ஊர் ஊராகப் போய் மரத்தடியில் அமர்ந்து மருந்து கொடுப்பது என்ற முறையை அவர் இங்கே நடத்திக் காட்டினார். அவரோடு வந்த மருத்துவர் கிளேர் வெல்லூத் அம்மையார் அவருக்குப் பின் பொறுப்பேற்று, இந்தியக் குடியுரிமை பெற்று, நம் மக்களோடு மக்களாகவே வாழ்ந்தார். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-ல் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை, 1955-ல் மத்திய அரசின் நிறுவனமானது. ஒரு காலத்தில் நம் ஜில்லாவில் இந்நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு இவ்விரு இடங்களே சாட்சி.

தொழுநோயில் நரம்பு மரத்துப்போகும். காலில் முள் தைத்தாலும் கையில் சூடுபட்டாலும் வலி தெரியாது. புண் ஆறாமல் பெருகும். ஆகவே மாத்திரைக்கு அடுத்தபடியாகத் தேவைப்பட்டது கட்டுத்துணி, அதுவும் மூட்டை மூட்டையாக. அக்காலத்தில் உலகமெங்கும் கத்தோலிக்க மாதர் தொழுநோயாளருக்காகக் கட்டுத்துணி செய்தார்கள். பழைய பருத்தி விரிப்புகளைத் துவைத்து, பட்டையாகக் கிழித்து, சுருட்டிக் கட்டுவது ஒரு வகை. பருத்தி நூலைப் பின்னல் ஊசியால் ஏறத்தாழ 4 அங்குல அகலமும் 4 அடி நீளமும் உள்ள பட்டையாகப் பின்னுவது இன்னொரு வகை. பின்னிய பட்டை புண்ணில் இறுக்காமல் காற்றுப் புகவிடும். கொதிக்க வைத்து மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தலாம். தேவை தெரிந்து செய்த பொருளுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. எண்பது வயதுப் பாட்டியும் பின்னலாம், பத்து வயதுச் சிறுமியும் பின்னலாம், கலைத்திறன் வேண்டியதில்லை.

கல்கத்தா புனித தெரேசா அன்னையின் உடன் உழைப்பாளர் இயக்கம் இப்படிப்பட்ட வேலையில்தான் வளர்ந்தது. அதன் தொடக்கம் 1954. கல்கத்தாவில் வாழ்ந்த ஆன் பிளேக்கி என்ற ஆங்கிலேயப் பெண்மணி, கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகளுக்குப் பொம்மை சேர்த்துத் தரட்டுமா என்று அன்னையிடம் போய்க் கேட்டார். பொம்மையைவிடச் சட்டையும் பாவாடையும்தான் தேவை என்றார் அன்னை. சீமாட்டிகள் கூடித் துணி சேர்த்துக் கொடுத்தார்கள், கிறிஸ்மஸும் முடிந்தது. அத்தோடு விட்டாரா? அடுத்து முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பண்டிகை வருகிறது என்றார். அதற்கும் கொடுத்தார்கள். பிறகு இந்துப் பிள்ளைகளின் பண்டிகை! ஒரு நாள் உபகாரம் செய்ய வந்தவர்கள் வருஷம் முழுவதும் மாட்டிக்கொண்டார்கள். 1969-ல் இந்த இயக்கத்துக்குப் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் காலத்தில் திருச்சபையின் அங்கீகாரம் கிடைத்தது.

அன்னையின் சகோதரிகள் உடுத்தும் நீலக்கரை வெள்ளைச் சேலையை எல்லோரும் அறிவோம். அதை நெய்பவர் யார் என்பதைப் பலர் அறியார். கல்கத்தாவை அடுத்த டிட்டாகர் என்ற இடத்தில் காந்திஜி பிரேம் நிவாஸ் என்ற இல்லத்தில் தொழுநோயிலிருந்து குணமானவர்கள் தறியில் உட்கார்ந்து அதை நெய்கிறார்கள். விரல் மழுங்கிய கைகள் கட்டை உதைத்து, நாடா ஓட்டி நெய்த துணியை உலகமெங்கும் உள்ள அச்சபையினர் அணிகிறார்கள். தறிச் சத்தத்தில் பிறந்து வளரும் நம் காஞ்சிபுரம் பக்கத்தாருக்கு இதன் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுத்துணி வாங்கியவர்கள் உடை கொடுப்பவர்களாக மாறினார்கள்.

தையல் மிஷின் வந்த கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சிங்கர் கம்பெனி 1851-ல் அமெரிக்காவில் தொடங்கியது. உஷா மிஷின் 1930-களில் கல்கத்தாவில் உருவாயிற்று. அதன்பின் கன்னியர் மடங்களின் லேஸ் திண்டு மூலைக்குப் போய், கால் மிதி மிஷின் கூடத்துக்கு வந்தது. பங்குகளில் தையல் வகுப்பு நடத்தாத ஊர் அபூர்வம். ஆறு மாதம் படித்து, காஜா எடுக்கவும் ஹெம்மிங் செய்யவும் கற்ற பெண் கல்யாணமாகிப் போகும்போது மிஷினையும் சீராகக் கொண்டுபோனார். தமிழக அரசும் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் மிஷின் வழங்கும் திட்டத்தை நடத்துகிறது. பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைத்துக் கொடுக்கிறார்கள். அதற்குக் கூலியும் உண்டு.

2004 டிசம்பர் 26 சுனாமி, துணி தானத்தைப் பற்றி நாம் அதுவரை நினைத்திருந்ததைப் புரட்டிப் போட்டது. நாகப்பட்டினம் கடற்கரைக்கு நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து குவிந்தது. கிழிந்தவை, சாயம் போனவை, குளிர்நாட்டுக் கோட்டுகள். மீனவப் பெண்கள் ஒருநாளும் உடுத்த முடியாதவை. வீட்டையும் பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற மக்கள் அவற்றைத் தொட மறுத்தார்கள். சாலையோரத்தில் மழையில் நனைந்து, மக்கி, கடைசியில் அப்புறப்படுத்துவதே தனி வேலையாயிற்று. உழைத்துச் சாப்பிட்ட மக்களுக்கு நாம் வேண்டாம் என்று ஒதுக்கியதை அனுப்பினால் வேறு என்ன ஆகும்? தபித்தா விதவைகளுக்குத் தம் பழந்துணியைக் கொடுக்கவில்லை. புதிதாகத் தைத்துக் கொடுத்தார் என்பதை அந்த வேதவசனத்தில் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

அதே சுனாமிக்குப் பின் வேறொரு வேலையும் நடந்தது. ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிலையத்தை நடத்திய உமா பிரஜாபதி, கடலோரக் கிராமங்களின் மீனவப் பெண்களை அழைத்து, ஆடைத் தொழிலில் மிஞ்சும் துண்டுத் துணிகளிலிருந்து விரல் நீளப் பொம்மை செய்யக் கற்றுக் கொடுத்தார். கடலைப் பார்க்கவே அஞ்சி முடங்கிக் கிடந்த பெண்களுக்குக் கையை அசைக்க ஒரு வேலை வேண்டும் என்பதே முதல் நோக்கம். பொம்மைக்குச் ‘சுனாமிகா’ என்று பெயர். விலைக்கு விற்பதில்லை என்று முடிவு செய்தார்கள். யாருக்கும் அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். மனமுவந்து வந்த நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. அப்பொம்மைகள் லட்சக்கணக்கில் பல நாடுகளுக்குப் பயணம் செய்தன. நிவாரணம் வாங்கும் வரிசையில் நின்ற பெண்கள் உலகத்துக்குப் பரிசு அனுப்பினார்கள்.

பிறகு 2020-ல் கொரோனா வந்தபோது முகக்கவசத்துக்குத் தட்டுப்பாடு. மருந்துக்கடையில் இல்லை, இருந்தாலும் விலை கேட்டால் தலை சுற்றியது. மகளிர் சுயஉதவிக் குழுக்களின் மிஷின்கள் இரவு பகலாக ஓடின. கன்னியர் மடங்களிலும் தைத்தார்கள், வீட்டுத் திண்ணையிலும் தைத்தார்கள். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியபின் துணிப்பை தைக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. ஜவுளிக்கடையில் நூறு ரூபாய்க்கு ரெடிமேடு சட்டை கிடைக்கும் காலத்தில் சட்டை தைத்துக் கொடுப்பதைவிட, மடியில் பொருத்தும் துணிப்பை, பிறந்த குழந்தைக்கு மல்துணி ஜப்லா, படுத்த படுக்கையான முதியவருக்கு முன்பக்கம் திறந்து நாடாவால் கட்டும் அங்கி, மாணவியருக்குத் துவைத்துப் பயன்படுத்தும் மாதவிடாய்த் துணி இவையே பயனுள்ளவை. கடையில் எளிதில் அகப்படாததும், கேட்க மக்கள் கூசுவதும் எவையோ அவற்றையே நம் மாதர் சங்கம் தைக்க வேண்டும் என்பது இதை எழுதுபவரின் தனிப்பட்ட கருத்து. சங்கத்தார் கூடிப் பேசி வேறு முடிவு எடுத்தாலும் சரியே.

கடைசியாக, நம் கண்ணெதிரே சென்னையில் நடந்த ஒன்று. சுபஸ்ரீ நடராஜன் என்ற சென்னைப் பெண்மணி, கொக்கி ஊசியால் பின்னும் பெண்களை ஒன்று சேர்த்து ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற குழுவை அமைத்தார். இந்தியாவின் பல ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பெண்கள் தத்தம் வீட்டில் உட்கார்ந்து சதுரம் சதுரமாகக் கம்பளிப் போர்வைகளைப் பின்னி அனுப்பினார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தது கூட இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து 2016 ஜனவரி 31-ஆம் நாள் சென்னையில் விரித்தபோது அளவு 11,148.5 சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர். ஒரு சிறு விவசாயியின் நிலம் முழுவதையும் போர்த்திவிடலாம். உலகிலேயே பெரிய குரோஷே போர்வை என்று கின்னஸ் புத்தகத்தில் பதிவாயிற்று. அளந்து முடித்த பிறகு இணைப்பு நூலைப் பிரித்து, மறுபடியும் தனித்தனிப் போர்வைகளாக்கி, குளிருக்குப் போர்த்த ஒன்றுமில்லாத ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.